இடது ஓரம்

பிரான்சில் நான் ஓட வேண்டிய பாதைகள் ஏழு. தேர்ந்தெடுத்தது நான் இல்லை, சுபா. மூன்று ஆற்றங்கரைப் பாதைகள், மூன்று காட்டுப் பாதைகள், இரண்டும் சேர்ந்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தூரம், ஏற்றம், எங்கே பாலம், எங்கே குடிநீர்க் குழாய் என்று இணையத்தில் தேடித் தேடி எழுதி ஜனவரியில் எனக்கு அனுப்பினாள். மார்ச்சில் அவளை டிப்பர் லாரி அடித்தது. அக்டோபரில் நான் மட்டும் விமானம் ஏறினேன்.

நான் திருவனந்தபுரத்தில், குடிநீர்க் குழாய்களில் நீரோட்டம் அளக்கும் கருவிகளைப் பொருத்தும் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். அந்தக் கருவிகளைச் செய்பவர்கள் வியென் என்ற ஆற்றை ஒட்டிய சிற்றூரில் இருக்கிறார்கள். கப்பலில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நாங்கள் நேரில் நின்று சோதித்துக் கையெழுத்திட வேண்டும். பத்து நாள் வேலை. இப்படி ஒரு பயணம் வரும் என்று தெரிந்த அன்றே சுபா சொல்லிவிட்டாள்: "நானும் லீவு போட்டுட்டு வாறேன். நீ மெஷினப் பாரு, நான் ஆத்தப் பாக்கேன்."

நாங்கள் நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் படித்த தோழிகள். அவள் வீடு புதுக்கடையில். என் வீடு நாகர்கோவிலுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே. சனிக்கிழமை மாலை அவள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஞாயிறு காலை கால்வாய்க் கரையில் பத்து கிலோமீட்டர். ஐந்து வருடம் ஓடினோம். அவள்தான் வேகம். நான் ஒழுங்கு.

புதன்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தேன். ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக் கடை, ஒரு மருந்துக் கடை, முடி வெட்டும் கடை மட்டும் மூன்று. இத்தனை சிறிய ஊரில் யாருக்கு இவ்வளவு முடி வளர்கிறது என்று தெரியவில்லை. எனக்கு ரொட்டிக் கடையின் மாடியில் அறை. அதிகாலையில் தரை வழியாகச் சூடும் மணமும் ஏறி வரும். அதை ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை.

வியாழன் மதியம் ஆலையின் உணவகத்தில், நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று ஜூலியன் சொல்லிவைத்தான். சோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவன். என் வயதுதான் இருக்கும், ஆங்கிலம் தெரிந்தவன். பரிமாறும் பெண் தலையசைத்து ஒரு தட்டு இலைதழை கொண்டுவந்தார். அதன் மேல் இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்னத் துண்டுகள்.

"இது என்ன?"

"பன்றி," என்றான் ஜூலியன்.

"அது இறைச்சி இல்லையா?"

அவன் அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தான்: "கொஞ்சம்தானே போட்டிருக்கிறேன், இதையெல்லாம் இறைச்சி என்று சொல்ல முடியுமா?"

அன்றிலிருந்து கிளம்பும்வரை ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள். குறை சொல்லவில்லை. எனக்கு மார்ச்சிலிருந்தே எதுவும் ருசிப்பதில்லை.

அன்று மாலை முதல் பாதை. ஆறு கிலோமீட்டர், முழுக்க ஆற்றங்கரை. காலையில் எட்டு மணிவரை அங்கே இருட்டு, அதனால் வேலை முடிந்து ஐந்து மணிக்கு மேல்தான் ஓட முடிந்தது. பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் தண்ணீர். ஒரே உயரத்தில் வரிசையாக நெட்டை மரங்கள், இலையெல்லாம் மஞ்சள். ஆளுக்கு மூன்று தூண்டில் போட்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மீன்பிடிப்பவர்கள். பழைய மாவு மில் ஒன்று, சக்கரம் நின்றுபோயிருந்தது. எதிரே வந்த எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். ஏன் ஓடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் கால்வாயில் கேட்பார்கள். துணி துவைக்கிற பெண்கள் வாரம் தவறாமல் கேட்பார்கள்: "எதுக்கு மக்கா இப்படி ஓடுகியோ? பஸ்ஸு போயிட்டா?" சுபா நிற்காமலே பதில் சொல்லுவாள்: "பஸ்ஸுக்கு முந்தி நாங்க போயிருவோம் அக்கா!"

ஓடி முடித்ததும் பாலத்தில் சாய்ந்து நின்று அவளுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். தரை எப்படி, எங்கே வளைவு, தண்ணீர் என்ன நிறம், நான்காவது கிலோமீட்டரில் குழாய் அவள் எழுதிய இடத்திலேயே இருக்கிறது. நான்கு நிமிடம். சற்று நேரத்தில் நீலக் குறி வந்தது. கேட்டுவிட்டாள். பதில் இல்லை.

விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் போவேன். இந்த ஏழு மாதத்தில் அவள் என்னிடம் பேசியவை மொத்தம் மூன்று: வந்தியா, ம், போறியா. பயணத்துக்குக் கிளம்பும் முன், அந்த ஏழு பாதையையும் ஓடி உனக்குச் சொல்கிறேன் என்றேன். "ம்" என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளி, இரண்டாவது பாதை, காடு. செஸ்ட்நட் என்கிறார்கள், முள்ளம்பன்றிபோல் ஓடு கொண்ட காய், பாதை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. மிதித்தால் கணுக்கால் பிசகும். அதையும் பதிவில் சொன்னேன். நீலக் குறி.

சனிக்கிழமை ஆலை விடுமுறை. மூன்றாவது பாதை பக்கத்து ஊரில் தொடங்குகிறது, பஸ் உண்டு என்று நிறுத்தத்தில் அட்டவணை இருந்தது. ஒன்பது பத்துக்கு வரவேண்டிய பஸ். பத்துமணிவரை நின்றேன். நிழற்குடை சுத்தமாக இருந்தது, கண்ணாடி உடையாமல் இருந்தது, பஸ் மட்டும் இல்லை. ஜூலியனுக்குச் செய்தி அனுப்பினேன். "நேரத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதா? அப்படியானால் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லவேண்டும். யாரும் கேட்காவிட்டால் பஸ் வராது," என்று பதில் வந்தது. புதுக்கடை பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். அது கைகாட்டினால் நிற்காது, ஏறினால் உட்கார இடம் இருக்காது, ஆனால் யாரும் கூப்பிடாமலே வரும்.

ஐந்து கிலோமீட்டர்தானே என்று தார்ச்சாலையிலேயே ஓட ஆரம்பித்தேன். இரண்டு பக்கமும் ஆளுயர வேலிச்செடி. நடைபாதை கிடையாது, வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒரு சாண் புல். நான் யோசிக்காமல் இடது ஓரமாக ஓடினேன்.

முதல் கார் எதிரே வந்தது. ஓட்டியவரின் முகம் தெரிந்தது. நான் புல்லில் ஏறினேன், அவர் கொஞ்சம் விலகினார், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொன்னார். இரண்டாவது காரிலும் அப்படித்தான். மூன்றாவதாகப் பால் லாரி, பெரியது. தூரத்திலேயே பார்த்துவிட்டதால் வேலியோடு ஒட்டி நின்றேன், போய்விட்டது. எண்ணிக்கொண்டே ஓடுவது என் வழக்கம். ஏழாவது வண்டி கடந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே வண்டிகள் வலதுபக்கம் போகின்றன. இடது ஓரம் ஓடினால் என் பக்கத்து வண்டிகள் எல்லாம் முகத்துக்கு நேரே வரும். எங்கள் ஊரில் வண்டிகள் இடதுபக்கம். இடது ஓரம் ஓடினால் அவை முதுகுக்குப் பின்னால் வரும்.

ஒன்பதாவதாக வந்த மஞ்சள் வேன் என் அருகே நின்றது. கடிதம் கொடுக்கிற பெண், நாற்பது வயதிருக்கும், வாயில் அணைந்த சிகரெட். எனக்குத் தெரிந்த பத்து பிரெஞ்சுச் சொல்லையும் அவருக்குத் தெரிந்த பத்து ஆங்கிலச் சொல்லையும் வைத்துப் பேசினோம். வழி தவறவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். கிளம்பும்போது தன் இரண்டு கண்களையும் விரலால் காட்டி, பிறகு என்னைக் காட்டி, எனக்குப் புரிந்தவரை, இப்படிச் சொன்னார்: "நல்ல பக்கம் ஓடுகிறாய். எப்போதும் வண்டியைப் பார்த்துக்கொண்டு ஓடு. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை."

நான் நன்றி சொன்னேன். வேன் போன பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் போகும்போது உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதிச் சொல்லுவது, இடது ஓரம். அம்மாக்கள் சொல்லுவது, கண்டக்டர் இறக்கிவிட்டுச் சொல்லுவது, அதுவேதான். வண்டிக்கான விதியைக் காலுக்கும் வைத்துக்கொண்டு எல்லோரும் நடக்கிறோம். ஒரு கருவியை மூன்று தரம் சோதிக்காமல் கையெழுத்துப் போடாத நான், இதை ஒருதரம்கூடச் சோதிக்கவில்லை. சோதிக்காதது மட்டுமில்லை, விதியாக எழுதியும் வைத்தேன். எங்கள் இருவருக்குமாக ஆறு விதிகள். ஒன்று, இடது ஓரம். இரண்டு, ஒருவர் பின் ஒருவர், நான் முன்னால். மூன்று, காதில் பாட்டு கூடாது. நான்கு, மின்னும் மேலாடை. ஐந்து, நாய் வந்தால் நில். ஆறு, தண்ணீர். நாகர்கோவில் பஸ்நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அடித்து, மழையிலும் வியர்வையிலும் அழியக்கூடாது என்று லாமினேட் செய்து, சுபாவுக்கு ஒன்று கொடுத்தேன். அவள் அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டினாள். இப்போது அந்தச் சுவரை ஒட்டித்தான் அவள் கட்டில்.

மார்ச்சில் கால்வாயில் தண்ணீர் அடைத்துத் தூர்வார ஆரம்பித்தார்கள். கரை முழுக்கச் சேறு. அதனால் அந்த ஞாயிறு மெயின் ரோட்டுக்குப் போனோம். பாறைப்பொடி ஏற்றிய டிப்பர்கள் விடிவதற்கு முன்பே ஓட ஆரம்பிக்கிற ரோடு. மூன்றாவது கிலோமீட்டரில் சுபா பின்னாலிருந்து சொன்னாள்: "ஏட்டி, நாம அந்தப் பக்கம் ஓடுவோம். எதிர வாற வண்டின்னா கண்ணுல தெரியும்லா? பின்னால வாறது எப்படிட்டி தெரியும்?"

"ரூல் நம்பர் ஒண்ணு என்ன?" என்றேன் நான், திரும்பாமலே. "அடுத்த வாரம் நீ ஒரு லிஸ்ட் போடு, அதுபடி ஓடுவோம். இன்னைக்கு என் லிஸ்ட்."

"போடி, லிஸ்ட்டுக்காரி," என்று சிரித்தாள். என் பின்னால் வந்தாள்.

நான்கு நிமிடம் கழித்து, ஒரு குழியைத் தவிர்க்க ஒதுங்கிய டிப்பர். முன்னால் ஓடிய என்மேல் காற்று மட்டும் பட்டது.

காவல் நிலையத்தில் எந்தப் பக்கம் ஓடினீர்கள் என்று கேட்டார்கள். இடது ஓரம் என்றேன். சரியான பக்கம்தான் என்று எழுதிக்கொண்டார்கள். சுபாவின் அம்மா அதைக் கேட்டுத் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, உள்ளே படுத்திருக்கிற மகளுக்குக் கேட்கும்படி சொல்லுவார்: "நடு ரோட்டுல சாடியிருப்பா. சின்னதுலயே சொன்னா கேக்கமாட்டா. நீ ஓரமா ஓடுனே, தப்பிச்சே மக்கா." நான் மறுத்துச் சொன்னதில்லை. அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். உள்ளே சுபாவும் ஒன்றும் சொன்னதில்லை. நான் சொல்லுவேனா என்றுதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அந்தப் புல்லில்தான் தெரிந்தது. இல்லை, அதுவும் முழு உண்மையில்லை. முன்பே தெரியும். அங்கே தப்பிக்க வழியில்லாமல் தெரிந்தது.

எழுந்து மூன்றாவது பாதையையும் ஓடி முடித்து, சனிக்கிழமைப் பதிவில் பஸ் கதையைச் சொன்னேன். பால் லாரியைச் சொல்லவில்லை.

ஞாயிறு நான்காவது பாதை, ஓக் மரக் காடு. ஞாயிறன்று அந்த ஊரில் திறந்திருப்பது தேவாலயமும் காடும்தான், காட்டிலும் பாதி மூடல். நுழைவிடத்தில் ஒரு பலகை, அதன் பக்கத்தில் ஆரஞ்சு மேலாடையும் துப்பாக்கியுமாக ஒரு பெரியவர். வேட்டை நடக்கிறது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னதை, மறுபடி சொல்லச் சொல்லித் தொலைபேசியில் பதிந்து, மறுநாள் ஜூலியனிடம் போட்டுக்காட்டித் தெரிந்துகொண்டேன்: "பழுப்புச் சட்டை போட்டு ஓடுகிறீர்கள் மகளே. இந்த வாரம் மானும் அதே நிறத்தில்தான் ஓடுகிறது." தன் காரைத் திறந்து இன்னொரு ஆரஞ்சு மேலாடையைக் கொடுத்து, ஆற்றுப் பக்கம் மட்டும் ஓடச் சொல்லிக் கைகாட்டினார். பாதிப் பாதைதான் ஓடினேன். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டபடி இருந்தது. ஒருவர் தப்பாகச் சுட்டால் நல்லதுதான் என்று ஒரு நினைப்பு வந்து, ஓடுகிற வேகத்திலேயே போய்விட்டது. அப்படி வந்ததை எழுதிவைக்கிறேன், வரவில்லை என்று சொல்ல முடியாது.

திங்கள், ஐந்தாவது பாதை. ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை, அதன் மேல் தண்ணீர் வழிகிற சத்தம். அங்கே உட்கார்ந்து பதிவு செய்தேன், அழித்தேன். ஒன்பது தரம். பத்தாவதை அனுப்பினேன். முப்பது நொடிகூட இல்லை. "சுபா, நீ சொன்னதுதான் சரி. அந்தப் பக்கம் ஓடியிருக்கணும். நான்தான் விடல. உங்க அம்மைகிட்ட நான் அதைச் சொல்லவும் இல்ல. அவங்க உன்னை ஏசும்போ நான் சோறு தின்னுகிட்டு இருந்தேன்."

நீலக் குறி வர இரண்டு நிமிடம் ஆனது.

செவ்வாய் ஒன்றும் வரவில்லை. சோதனைக் கூடத்தில் ஒரு கருவி அளவு தவறிக் காட்டியது. ஜூலியன் இதெல்லாம் மிகச் சின்ன வித்தியாசம் என்றான். நான் கையெழுத்திட மறுத்தேன். "நீ மிகவும் கறாரான ஆள்," என்றான் மரியாதையோடு. நான் அந்தக் கருவியை மறுபடியும் சோதனைக்கு ஏற்றினேன்.

புதன் ஆறாவது பாதை, மழை. பதிவு அனுப்பவில்லை. ஆரஞ்சு மேலாடை நனைந்து கனத்தது. ஆற்றங்கரை எவ்வளவு அழகாக இருந்தது என்பதை என்னால் சொல்லமுடியும், மூடுபனி, மரம், ஒற்றைக்காலில் நாரை எல்லாம் இருந்தது. அவற்றில் ஒன்றும் என்னோடு பேசவில்லை.

வியாழன் மதியம், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. எழுத்தில், இரண்டு வரி.

"அம்மைகிட்ட நீயே வந்து சொல்லு. இனி ரூட் அனுப்பாண்டாம்."

ஏழாவது பாதையை நான் ஓடவில்லை. பதினொரு கிலோமீட்டர், ஆறும் காடும் சேர்ந்து வருகிற பாதை. அவள் பட்டியலில் அதற்கு மட்டும் நட்சத்திரம் போட்டிருந்தாள். அதன் தொடக்கம்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மேலாடையை ஜூலியனிடம் கொடுத்து அந்த வேட்டைக்காரரிடம் சேர்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் களியக்காவிளை பஸ் ஏறி, அங்கிருந்து புதுக்கடை. ஜங்ஷனிலிருந்து சுபாவின் வீடு ஒரு கிலோமீட்டர். பையை முதுகில் போட்டுக்கொண்டு வலது ஓரமாக நடந்தேன். இரண்டு டிப்பர்கள் எதிரே வந்தன. இரண்டையும் ஓட்டுநர் முகத்தோடு பார்த்தேன். மூன்றாவதாக வந்த ஸ்கூட்டர்காரர் பிரேக் போட்டுக் கத்தினார்: "ஏ பிள்ள, வண்டி வாறது தெரியலியா? அந்தப் பக்கம் ஓரமாப் போ!"

"தெரியுது அண்ணே," என்றேன்.

சுபாவின் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "வந்தியா மக்கா! என்ன இப்படி மெலிஞ்சு போனே? அங்கன சோறே கிடைக்காதோ? இரி, இரி." நான் பையை இறக்குவதற்குள் தட்டில் சோறு விழுந்துவிட்டது.

நான் உட்காரவில்லை. "அம்மா, ஒண்ணு சொல்லணும். பிறவு சோறு."

சொன்னேன். அந்தப் பக்கம் ஓடலாம் என்று சுபா சொன்னதை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் விதியைச் சொன்னதை. அவள் நடு ரோட்டில் ஓடவில்லை, எனக்கு நேர் பின்னால், வெள்ளைக்கோட்டுக்கு வெளியேதான் ஓடினாள் என்பதை. கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஏழு மாசமா நான் அவள ஏசுகேன்."

"ஆமா."

"நீ கேட்டுட்டு இருந்தே."

"ஆமா."

"இங்கன இருந்து சோறும் தின்னே."

"ஆமா அம்மா."

அவர் கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். உள்ளே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

"ஏட்டி, இங்க வா."

அறையிலிருந்து சுபா. மார்ச்சுக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கவில்லை. சுவரைக் காட்டினாள்.

"அத எடு."

ஆறு விதிகளையும் சுவரிலிருந்து பிய்த்தேன். ஒட்டுநாடா சுண்ணாம்போடு வந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள். எத்தனை நாளாக அங்கே வைத்திருந்தாளோ.

"திருத்து."

கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, முதல் விதியை அடிக்கப் போனேன். மை பிடிக்கவில்லை. பேனாவை உதறினேன், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன், கையில் எழுதியது. மறுபடியும் வைத்தேன். பிளாஸ்டிக்கின் மேல் முனை வழுக்கிப் போனது.

"அழுத்தி எழுதுட்டி," என்றாள்.

அழுத்தினேன். நிறமில்லாத ஒரு கீறல் விழுந்தது, அதுவும் இரண்டாவது விதியின் மேல். இடது ஓரம், நான் அன்று பணம் கொடுத்து அழியாமல் செய்தபடியே, அப்படியே இருந்தது. சுபா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் பேனாவை வைத்தேன்.